தட்டில் வைத்த கை

என் அக்காவின் கணவரைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கத்தோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்தவள் நான். அது ஒரு மாடி வீடு. முன்பக்க அறைகளில் அவரும் அக்காவும் அவர்கள் மகளும். பின்பக்க அறையில் நானும் என் தையல் மெஷினும். நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு வழியாக அவருடைய குரலும் கொள்கைகளும் உடம்பில் ஒட்டிய நாய் வாடையும் தடையில்லாமல் என் பக்கம் வந்துகொண்டிருந்தன. கதவைச் சாத்தினால் அக்கா வருத்தப்படுவாள் என்று திறந்தே வைத்திருந்தேன்.

அத்தானுக்கு நகராட்சி நாய்க் காப்பகத்தில் வேலை. தெருவில் பிடிபட்ட நாய், வளர்த்தவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டுப் போன நாய், யாரையாவது கடித்துவிட்டு மாட்டிக்கொண்ட நாய் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். வந்ததை யாருக்காவது வளர்க்கக் கொடுக்கலாமா, இல்லை பின்னறைக்கு அனுப்பி ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. மருத்துவர் ஒருவர் உண்டு. அவர் எப்போதாவது வருவார், அத்தான் கை காட்டிய நாய்க்கு ஊசியைப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். தீர்ப்பு என்னவோ அத்தானுடையதுதான்.

தீர்ப்புச் சொல்ல அவரிடம் ஒரே ஒரு சோதனை இருந்தது. நீளமான கம்பு ஒன்றின் முனையில் ரப்பர் கையுறையை மாட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, மணிக்கட்டில் இறுக்கித் தைத்திருப்பார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மனிதக் கை என்றே தோன்றும். நாய்க்கு ஒரு தட்டில் இறைச்சி வைப்பார். இரண்டு வாய் தின்று அது ருசி கண்டதும் இந்தப் பொய்க்கையைத் தட்டுக்குள் விட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுப்பார். வாலை ஆட்டிக்கொண்டு விலகி நின்றால் நாய் தேறியது. உறுமினாலோ, உடம்பை விறைத்தாலோ, உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாலோ பின்னறை. காப்பகத்தில் அவருக்குக் "கைக்காரர்" என்றே பெயர். கை கிழிந்துபோனால் எச்சில் ஈரத்தோடு கொண்டுவந்து என் மெஷின்மேல் போடுவார், அங்கே யாருடைய பட்டுத்துணி கிடந்தாலும் சரி. தைத்துக் கொடுக்காவிட்டால் அக்கா முகம் வாடும். அதனால் தைத்துத் தொலைத்தேன்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டே விட்டேன்.

"பட்டினி கிடந்து வந்த நாய் அத்தான். தட்டைப் பிடுங்கினா உறுமாம, உங்களுக்குக் கும்பிடு போடுமா?"

"நார்மலான நாய் உறுமாது."

"பசிச்சதோட தட்டைப் பிடுங்குற மனுஷன் மட்டும் நார்மலா?"

"உனக்கு நாயைப் பத்தி என்ன தெரியும்? ஊசியில நூல் கோக்கத் தெரியும். அதைப் பாரு."

இதை அவர் கோபமில்லாமல், சிரித்த முகத்தோடு சொன்னார். அவருக்குக் கோபமே வராது. அதைத்தான் தெருவில் தங்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாயோடு விட்டிருந்தால் நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மனுஷர்களையும் அப்படியே பார்த்தார். காப்பகத்தில் புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால், டீ குடிக்கும்போது அவன் கையிலிருக்கும் பன்னைச் சாவகாசமாகப் பிடுங்கித் தின்பார். அவன் அசடு வழியச் சிரித்தால் நல்ல பையன். முறைத்தால் ஒரு மாதிரியான ஆள். பாவம், அவர்கள் எல்லாரும் இதை விளையாட்டு என்று நினைத்தார்கள். "ஜாலியான மனுஷன்" என்று வேறு பேர்.

நான் அந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் என்னிடமும் இந்த வேலையைக் காட்டினார். எல்லாரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் தட்டிலிருந்த முட்டைமேல் ஒரு கை வந்தது. நான் கரண்டியால் விரல் முட்டியில் போட்டேன் ஒரு போடு. அன்றிலிருந்து அவர் கணக்கில் நான் நார்மல் இல்லை. அந்த வீட்டில் கடைசிவரை நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே ஆளும் நான்தான்.

அக்கா வேறு வழி கண்டுபிடித்திருந்தாள். அவள் மேசையில் உட்காரவே மாட்டாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றபடியே பாத்திரத்திலிருந்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கையைத் துடைத்துக்கொள்வாள். தட்டே இல்லாதவளிடம் எதைப் பிடுங்குவது? "உக்காந்து சாப்பிடேன்க்கா" என்றால், "நின்னு சாப்பிட்டாத்தான் எனக்கு இறங்குது" என்பாள். அவளுக்கே அது உண்மையாகிவிட்டது.

மகள்தான் மாட்டிக்கொண்டாள். வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவோம். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் பாப்பாதான். தானாக எடுத்துச் சாப்பிடத் தொடங்கிய வயதிலேயே அவள் தட்டுக்குள் அப்பாவின் கை வந்துவிட்டது. அவள் அலறினால் தட்டு போய்விடும், சுவரோரம் போய் உட்கார வேண்டும். சிரித்தால் தட்டும் திரும்ப வரும், கூட ஒரு துண்டும் வரும். குழந்தை எவ்வளவு நாள் அலறும்? சீக்கிரமே கற்றுக்கொண்டாள். கை வருவதற்கு முன்பே தட்டைத் தானே தள்ளி வைத்துவிட்டுச் சிரிப்பாள். மற்றப் பிள்ளைகள் கடித்துப் பிராண்டிக்கொண்டிருக்கும் வயதில் இப்படி ஒரு பிள்ளை. வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். "எவ்வளவு அடக்கமா வளத்திருக்கீங்க!" அத்தானுக்குத் தலைகால் புரியாது.

ஒருமுறை அவள் சுவரோரம் உட்கார வைக்கப்பட்டிருந்தபோது கதவிடுக்கு வழியாக ஒரு ரொட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது திரும்பப் பிடுங்குவேன் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் நான் உள்ளே போய்க் காட்டுக் கத்தல் கத்தினேன். அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாரு பாப்பா, சித்தி எப்படிக் கத்துறாங்க. நீ இப்படி ஆகக் கூடாது, சரியா?" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

படிப்பை முடித்ததும் அவள் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்கும் வேலைக்குப் போனாள். திட்டு வாங்கிக்கொண்டே "மன்னிக்கணும் சார், பார்க்கிறோம் சார்" என்று சொல்லும் வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் எந்த ஊரிலும் கிடைத்திருக்க மாட்டாள். அந்தக் கட்டடத்தில் லிப்ட் பழுது பார்க்க வந்துகொண்டிருந்த ஒருவனோடு பழக்கமானது. கிரீஸ் அழுக்கு நகத்தோடு, உரத்த குரலோடு, வாய் நிறையச் சிரிக்கிற ஆள். என்னிடம்தான் முதலில் சொன்னாள். சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு குறும்பு இருந்தது. அந்தப் பெண்ணிடம் குறும்பைப் பார்த்தது அதுதான் எனக்கு முதல் தடவை. எனக்கு அவனைப் பார்க்கும் முன்பே பிடித்துவிட்டது.

லிப்ட்காரன் சாப்பிட வந்தான். அத்தான் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். வேலையைப் பற்றி இரண்டு கேள்வி, வீட்டைப் பற்றி இரண்டு கேள்வி. பிறகு பேச்சின் நடுவிலேயே கை நீண்டது. அவன் தட்டிலிருந்த பெரிய இறைச்சித் துண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார்.

அவன் தட்டையும் பார்த்தான், அவரையும் பார்த்தான்.

"சார், வேணும்னா கேளுங்க, நானே எடுத்துத் தரேன். என் தட்டுல கை வைக்காதீங்க" என்றான்.

நான் அடுப்படியில் நின்று சத்தம் வராமல் சிரித்தேன். பாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அத்தான் துண்டைத் திருப்பி வைத்துவிட்டு, பழையபடி இனிமையாகப் பேசி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி, "உறுமுறான். வேணாம்" என்றார்.

"அவன் வாயால சொன்னான் அத்தான். அதுக்குப் பேரு பேசுறது" என்றேன்.

"இன்னைக்குத் தட்டுக்கு உறுமுறவன் நாளைக்கு எம் பொண்ணைக் கடிப்பான். நான் பார்க்காத நாயா?"

பாப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சண்டை போடுவாள், ஓடிப்போவாள், குறைந்தபட்சம் ஒருவேளைச் சாப்பாட்டையாவது மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தபடி தட்டைத் தள்ளி வைத்தாள். நான் அவளை உலுக்கி, "பிடிச்சிருக்குன்னு சொல்லேன்டி!" என்றேன். "அப்பாவுக்குத் தெரியும் சித்தி" என்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளை அப்படி ஆக்கியவர் மேல் வரவேண்டிய கோபத்தில் பாதியை அவள்தான் வாங்கிக்கொண்டாள்.

அடுத்து வந்தவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அத்தான் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், எதையும் தொட்டால் துடைத்து வைக்கிற கை. அவன் தட்டிலிருந்து அத்தான் துண்டை எடுத்தபோது புன்னகை செய்து, "தாராளமா எடுத்துக்கோங்க மாமா" என்று தட்டையே அவர் பக்கம் தள்ளினான். அத்தான் முகத்தில் அப்படி ஒரு ஒளி. நான் அந்தப் பையனின் கண்ணைப் பார்த்தேன். அது சிரிக்கவில்லை. வாய் மட்டும் தன் வேலையைச் செய்தது. சொன்னேன். யார் கேட்டார்கள்? உறுமுகிறவளின் சாட்சி அந்த வீட்டில் செல்லாது.

கல்யாணம் நடந்தது. பாப்பா ஊரின் மறுகோடியில் இருந்த அவன் வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு காப்பகத்தில் ஒரு விஷயம் நடந்தது. அத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு வெள்ளை நாய். தட்டைப் பிடுங்கினால் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுமாம். குழந்தை உள்ள ஒரு குடும்பத்துக்கு அதைக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து, சோபாவில் படுத்திருந்த நாயைத் தள்ளி உட்காரப் போன அந்த வீட்டுக்காரரின் கன்னத்தைப் பிய்த்துவிட்டது. ஒரு சத்தம் இல்லை, முறைப்பு இல்லை, நேரே கடி. அப்போது காப்பகத்துக்குப் புதிதாக ஒரு பெண் மருத்துவர் வந்திருந்தார். இள வயது. அத்தானைக் கூப்பிட்டு, "உறுமுறதுதாங்க நாய் நமக்குக் கொடுக்குற எச்சரிக்கை. அதை அடக்கிட்டா எச்சரிக்கைதான் போகும், கடி போகாது. இந்தக் கைச் சோதனையை நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அத்தான் வீட்டுக்கு வந்து குமுறினார். "நேத்து வந்த பொண்ணு எனக்குப் பாடம் எடுக்குது! நாய் மேல தப்பே இல்ல. அந்த வீட்டுக்காரங்க ஏதாவது பண்ணியிருப்பாங்க." பொய்க்கையைக் காப்பகத்தில் வைக்கக் கூடாது என்று உத்தரவாம். வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிமேல் வைத்துவிட்டு, மருத்துவர் இல்லாத நாட்களில் துணியில் சுற்றி எடுத்துப்போனார்.

பாப்பா வருவது குறைந்தது. போன் செய்தால் பக்கத்திலேயே அவன் இருப்பது தெரியும். "நல்லா இருக்கேன் சித்தி, அவர் நல்லாப் பாத்துக்கிறார் சித்தி." புகார் கேட்கும் வேலையில் பேசுவாளே, அதே குரல். வேலையையும் விட்டுவிட்டாளாம். அவனுக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. "வேணாம்னு தோணுச்சு" என்றாள்.

ஒருநாள் ஒரு மூட்டைத் துணியோடு வந்தாள். எல்லாம் சட்டைகள், நல்ல சட்டைகள்.

"கை எல்லாத்தையும் மணிக்கட்டு வரைக்கும் நீட்டிக் கொடுங்க சித்தி."

"இந்த வெயில்லயா? எதுக்குடி?"

"சும்மாதான். இப்ப அதுதான் எல்லாரும் போடுறாங்க."

அளவு எடுக்க வேண்டும், கையை நீட்டு என்றேன். நீட்டவில்லை. நானே பிடித்துச் சட்டைக் கையைச் சுருட்டினேன். முழங்கையிலிருந்து கீழே பழைய காயமும் புதிய காயமுமாக, மஞ்சளும் நீலமும். நான்கு விரலும் கட்டைவிரலும் பதிந்த இடம் தனியாகத் தெரிந்தது. நாள் முழுதும் அளவெடுக்கிறவள் நான். அது எவ்வளவு பெரிய கை, எந்தப் பக்கமிருந்து எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று என் கண்ணே கணக்குப் போட்டது. டேப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை. விறைப்பாக நின்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாயைத் திறந்தாள். அவன் குரலை உயர்த்தியதே இல்லையாம். ஒரு கெட்ட வார்த்தை இல்லையாம். டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் சுண்டுவிரலை எடுத்துப் பின்னுக்கு வளைப்பானாம். முகத்தில் அதே புன்னகை. பால்கனியில் துணி காயப்போடப் போனால் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவானாம்.

"நீ கத்த வேண்டியதுதானே? அக்கம்பக்கத்துல யாரும் இல்லையா?"

"கத்துனா நல்லா இருக்காது சித்தி" என்றாள்.

அன்று சாயங்காலமே அத்தானிடம் போனேன். எள்ளும் கொள்ளும் வெடித்தது என் முகத்தில். பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அவன் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசிப் பார்த்திருக்கியா நீ?" என்றார்.

"பேசாமத்தான் அத்தான் செய்யுறான்!"

"இவ ஏதாவது பண்ணியிருப்பா. சும்மா இருக்குறவன் எதுக்குக் கையைப் பிடிக்கப் போறான்?"

அக்கா அடுப்படி வாசலில் நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் மகளை மறுநாள் காலையே பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அவள் கெஞ்சியதால் இரவோடு இரவாக நான் நீட்டித் தைத்த சட்டைகளோடு போனாள். அந்தச் சட்டைகளைத் தைத்தபோது வந்த வெறுப்பு எனக்கு எந்த எதிரிமேலும் வந்ததில்லை. ஒவ்வொரு தையலும் அவனுக்குச் செய்கிற உதவி.

அந்த மனுஷனுக்குத் தன் மகள்மேல் பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் அவன் தப்பானவன் என்று ஒப்புக்கொண்டால் சோதனை தப்பு. சோதனை தப்பு என்றால் பின்னறைக்கு அனுப்பிய அத்தனை நாயும் வந்து வாசலில் நிற்கும். அதற்கு அவரிடம் தெம்பு இல்லை. மகளைக் கொடுத்தாவது அந்தக் கதவை மூடி வைத்திருந்தார். இதை நான் மன்னிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாப்பா தனியாக வந்தாள். மணிக்கட்டில் மாவுக்கட்டு, தோளில் ஒரு பை. "குளியலறையில விழுந்துட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். என் பக்கம் வந்து, "நான் திரும்பப் போகல சித்தி. இங்கே உங்களோட இருக்கவா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் முன்பக்கத்தில் அத்தான் போனில் பேசுவது கேட்டது. "ஆமா மாப்பிள்ளை, இங்கதான் இருக்கா. வாங்க, சாப்பிட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க."

அவன் வெள்ளைக் காரில் வந்தான். மேலே வந்து செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தான். மேசையில் உட்கார்ந்தான். பாப்பா என் அறை வாசலில் நின்றாள். அவளுக்கு முன்னால் நான் நின்றேன், கையில் கத்தரிக்கோலோடு. அவன் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தான். அத்தான் அவனுக்குச் சாப்பாடு போட்டார். நடக்கவே நடக்காது என்று நான் நினைத்தது நடந்தது. எங்கள் எல்லார் முன்னாலும் அவன் தட்டிலிருந்து ரொட்டியை எடுத்தார்.

"எடுத்துக்கோங்க மாமா" என்றான்.

அத்தான் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். வழக்கை ஜெயித்துவிட்ட வக்கீல் மாதிரி. "பாத்தீங்களா?" என்றார். "பாப்பா, கிளம்பு."

அவன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "நான் கீழே வண்டியை எடுக்குறேன்" என்று இறங்கினான். அக்கா, என் கூடப்பிறந்தவள், மகளின் பையை எடுத்துவந்து வாசலில் வைத்தாள். அத்தான் பையைத் தூக்கினார்.

"பையை வைங்கப்பா" என்றாள் பாப்பா.

அவர் காதில் வாங்காமல் படியை நோக்கிப் போனார்.

"அப்பா. கையை எடுங்க."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தொண்டைக்கு அடியிலிருந்து வந்தது. அத்தான் நின்றார். ஆனால் பையை விடவில்லை. அவள் ஒரே எட்டில் போய், நல்ல கையால் பையின் வாரைப் பற்றி, அவர் முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

"கையை எடுங்கன்னு சொல்றேன்ல! என் பையில கை வைக்காதீங்க! இனிமே என்னோட எதுலயும் கை வைக்காதீங்க!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நாய்களோடு இத்தனை வருஷம் பழகிய உடம்பு, அத்தான் யோசிக்கும் முன்பே ஒரு எட்டுப் பின்வாங்கியது. கை தானாகப் பையை விட்டது. அவர் மகளைப் பார்த்த பார்வையில் பயமும் இருந்தது, அருவருப்பும் இருந்தது.

"இவ நார்மலா இல்ல" என்று அக்காவிடம் சொன்னார். "இப்ப அனுப்ப வேணாம். நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

வெறுங்கையோடு இறங்கினார். நான் பின்னாலேயே பாதிப் படிவரை போனேன். கார் வாசலோரம் நின்றது. ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்திருந்தது, அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். அத்தான் குனிந்து, கதவு பொருந்துகிற சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு, "கொஞ்சம் கோவமா இருக்கா மாப்பிள்ளை. நாளைக்கு வாங்களேன்" என்றார்.

"அதுக்கென்ன மாமா" என்று சிரித்தான். சிரித்தபடியே கதவை இழுத்து மூடினான்.

அத்தானின் விரல்கள் உள்ளே இருந்தன. அவனுக்கு அது தெரியும். கார் ஜன்னல் வழியாக அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தான், மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகுதான் கதவைத் திறந்தான். கை கீழே விழுந்ததும் மறுபடி மூடிக்கொண்டு போய்விட்டான். இவ்வளவுக்கும் அத்தான் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. கத்தியது நான்தான்.

ஆஸ்பத்திரிக்கு நானும் பாப்பாவும் கூட்டிப்போனோம். அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆட்டோவில் ஏறி எங்களோடு உட்கார்ந்தாள். விரல்களைப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். இரண்டு எலும்பு நொறுங்கியிருந்தது.

"எப்படி ஆச்சு?"

"கார் கதவு. தானா மூடிக்கிச்சு" என்றார் அத்தான்.

"தானாவா? யாரும் மூடலையே?"

"இல்ல டாக்டர். மருமகன் வண்டி. ரொம்ப சாதுவான பையன். நான்தான் கவனிக்கல."

கட்டிலின் மறுபக்கம் பாப்பா நின்றாள், மாவுக்கட்டுக் கையை இன்னொரு கையால் தாங்கியபடி. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் இதே ஆஸ்பத்திரியில இப்படித்தான்ப்பா சொன்னேன்" என்றாள். "குளியலறையில விழுந்துட்டேன், நான்தான் கவனிக்கலன்னு. இதே மாதிரி, சிரிச்ச முகமா."

அத்தான் குனிந்து தன் நொறுங்கிய விரல்களைப் பார்த்தார்.

"விரல் உள்ள மாட்டியிருந்துச்சே. ஏன்ப்பா கத்தல?"

அவர் உதடு அசைந்தது. "தெரியல பாப்பா" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "கத்தணும்னு தோணவே இல்ல" என்றார். அவர் கண்ணில் நீர் வந்தது. வலியால்தான் என்று நினைத்துக்கொண்டேன். இரக்கப்பட எனக்கு மனம் வரவில்லை.

பாப்பா டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"அது தானா மூடல. என் புருஷன் மூடினான். வேணும்னே மூடினான். என் கையை உடைச்சதும் அவன்தான். எழுதிக்கோங்க."

அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தான் நல்ல கையைத் தூக்கி, வேண்டாம் என்பது போல ஆட்டினார். நர்ஸ் ஓடிவந்து பாப்பாவின் தோளைத் தொட்டாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"மாட்டேன்" என்றாள் பாப்பா.